பூவரசு மோதிரம்: நண்பனுக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. தையில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நீயும் தங்கச்சியும் மாலை மாற்றும்போது நான் அங்கே இருப்பேன். இங்கே சம்பா நட்டாகிவிட்டது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, வாய்க்காலெல்லாம் தண்ணீர்.

உன் அம்மா வைத்த பூவரசின் கட்டையை அனுப்பி, உங்கள் இருவருக்கும் மோதிரம் கடைந்து தரச் சொல்லியிருந்தாய். கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "மோதிரம்தானேடா, நாயனமா கடையச் சொன்னேன்?" என்று. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கட்டில் கால், ஊஞ்சல் உருளை, தொட்டில் கட்டை எல்லாம், மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவுகிற இந்தக் கடைசலில் ஓட்டியிருக்கிறேன். மோதிரம் மாதிரி என்னைத் திணறடித்த வேலை வேறு இல்லை.

மரத்தின் பலம் முழுக்க நார் ஓடுகிற திசையில்தான். நீளவாக்கில் இழுத்தால் அசைந்து கொடுக்காது. நாருக்கும் நாருக்கும் நடுவில் பிரித்தால் லேசில் பிளந்துவிடும். மோதிரமோ வட்டம். துளை நாரோடு போகிற மாதிரி கட்டையைப் பிடித்துக் கடைந்தால், வளையத்தைச் சுற்றி ஓர் இடத்தில்கூட நார் வளையத்தோடு ஓடாது. எங்கே வேண்டுமானாலும் பிளக்கும். பலகையாக அறுத்துக் குறுக்கே துளை போட்டால் எதிரெதிரே இரண்டு இடத்தில் பலம், மற்ற இரண்டு இடத்தில் பலவீனம். பட்டறையில் உடைந்து கிடக்கிற வளையங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் அந்தப் பலவீனமான இடத்தில்தான் போயிருக்கும். உளி தொடுவதற்கு முன்பே, கட்டையை அறுக்கிற போதே முடிவாகிவிடுகிற விஷயம் இது.

நாயனத்தைச் சொன்னாய். பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது, நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் என்கிற நீளமான நாகஸ்வரம் செய்து கொடுத்த ஊர். 2022இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீட்டுத் தூணிலிருந்தும் உத்தரத்திலிருந்தும்தான் தேடி எடுப்பார்கள். பல பத்தாண்டு காய்ந்த கட்டை இனிமேல் முறுக்காது என்ற கணக்கு. குழலில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, சுவரும் தடிமன், அதனால் தாங்குகிறது. அதே குழலிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, சுவரை இரண்டு மில்லிமீட்டராக இழைத்து விரலில் போட்டுப் பார். கதவுப் பிடியில் ஒரு தரம் இடித்தால் போதும்.

கடைசலில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் துளை. துளைக்கிற பிட் மறுபக்கம் வெளியே வரும்போது நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் ஒரு வேண்டாத கட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். துளை முடிந்தால் வளையத்தைப் பிடிக்க இடமே கிடையாது. கடைசலில் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் தாடையில் இறுக்கினால் நசுங்கும். அதனால் லேசாகக் கூம்பிய ஒரு கட்டையைத் தனியாகக் கடைந்து, அதன்மேல் வளையத்தைச் செருகுவேன். கொஞ்சம் தளர்ந்தால் சுழலாமல் வழுக்கும், கொஞ்சம் இறுகினால் செருகும்போதே 'டிக்' என்று வாய் பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடம். அது தாண்டி மெல்லிசாகச் சீவிக்கொண்டு வருகையில் உளியின் மூக்கு ஒரு நொடி பிடித்தால் பட்டறையின் மூலையில்தான் துண்டுகளைத் தேட வேண்டும். கடைசியாக உப்புத்தாள். அங்கேதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். எல்லாம் தப்பிப் பிழைத்த வளையம், தேய்க்கிற சூட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டுவிடும். தடித்த கட்டை என்றால் சூடு உள்ளே பரவிப் போகும், மெல்லிய வளையத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. வேகத்தைக் குறைத்து, தொட்டும் தொடாமலும், ஆறவிட்டு ஆறவிட்டுத் தேய்க்க வேண்டும்.

நீ அனுப்பிய பூவரசில் குறை இல்லை. கஜா புயலில் விழுந்தது 2018 கார்த்திகை பிறக்கிற சமயம். அதிலிருந்து உங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் நிழலிலேயே காய்ந்திருக்கிறது. வெளிறை, அதாவது வெளிப்பக்கத்து வெளுத்த மரத்தைச் சீவி எடுத்தால், உள்ளே இருக்கிற சேகு அவ்வளவு அழகான காப்பிப்பொடி நிறம். ஆனாலும் நம் ஊர்க் காற்றைப் பார். பங்குனி வெயிலில் சுருங்குகிற மரம் ஐப்பசி ஈரத்தில் உப்பும். நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், குறுக்குவாக்கில் மட்டும் அசையும். 18 மில்லிமீட்டர் துளையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றாலும் கால் மில்லிமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. வட்டம் முட்டையாகிவிடும்.

மேல்பூச்சும் ஒரு பாடுதான். கையால் சாப்பிட்டு, நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறவர்கள் நாம். அரக்குப் பூச்சு பளபளப்பாக வரும், ஆனால் ஸ்பிரிட் கலந்த கைகழுவும் திரவம் பட்டால் கரையும். சூப்பர் குளூ பூச்சு கண்ணாடி மாதிரி நிற்கும், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் ஈரம் அடியில் புகுந்துவிடும். நான் எண்ணெயும் தேன்மெழுகும்தான் போடப் போகிறேன். அவ்வப்போது மறுபடி தேய்த்துக்கொள்ள வேண்டும், தொட்டால் மரமாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஆடி அமாவாசைக்குக் காவிரிப் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தேன். சாஸ்திரிகள் தர்ப்பையை முறுக்கிப் பவித்திரம் செய்து கொடுத்தார். மோதிர விரலில் மாட்டினதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் புல், உடையவில்லை. ஏனென்றால் அதன் நார் விரலைச் சுற்றி ஓடுகிறது. மரத்தையும் அப்படியே சுற்ற வேண்டியதுதானே?

அன்றிலிருந்து அதுதான் வேலை. கணு இல்லாத நேர்த் துண்டாகப் பார்த்து, இழைப்புளியில் அரை மில்லிமீட்டர் பட்டையாக நீளமாகச் சீவுகிறேன். கொதிநீரில் ஊறவிட்டு, விரல் அளவுக் குழாயில் சுற்றி, சைக்கிள் டியூப் கிழிசலால் கட்டிக் காயவிடுகிறேன். காய்ந்த சுருளை அவிழ்த்து, பசை தடவி மறுபடி அடுக்கடுக்காகச் சுற்றினால் வளையம். அதன் பிறகுதான் கடைசல், அதுவும் ஓரம் மழிக்க மட்டும். முதல் வளையத்தைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டேன். குதித்தது, உடையவில்லை.

ஒரே கட்டையில் குடைந்ததுதான் வேண்டும் என்று உனக்கு மனசில் இருக்கலாம். அது அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் ஆகும். அம்மா வைத்த மரத்தைத் தங்கச்சி தினமும் விரலில் போட்டிருக்க வேண்டும் என்றால் சுற்றியதுதான் சரி, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஒரே பட்டையை வெட்டாமல் சுற்றுகிறேன், மரம் துண்டுபடாது.

இரண்டு பேர் விரல் அளவும் வேண்டும். காலையில் எடுக்காதே, சாயங்காலம் விரல் கொஞ்சம் தடித்திருக்கும்போது எடு. காகிதப் பட்டையை விரல் மூட்டின்மேல் சுற்றி, சேருகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு அந்தப் பட்டையையே உறையில் வைத்து அனுப்பு. மரத்தைப் பிறகு பெரிதாக்க முடியாது. கார்த்திகை தீபத்துக்குள் வந்துவிட்டால் மார்கழி முழுக்கக் காய எனக்கு நாள் கிடைக்கும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பட்டறை நண்பன்