‘நான்’ இல்லாத தனிமொழி

அன்பு நண்பா,

நலம். முழங்கால் வலியைத் தவிர இங்கே புதிதாக ஒன்றுமில்லை. தையில் வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறவனை நீ எப்படித் திட்டினாலும் தகும். ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு.

பேத்தி கல்லூரிப் போட்டியில், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தனியே நின்று பேசும் அந்த ‘வாழ்வதா, சாவதா’ தனிமொழியைப் பேசப் போகிறாள். பொருள் கேட்டாள். நம் வாத்தியார் கறுப்புக்குடை வகுப்பில் சொன்னதை, அவருடைய தொண்டைக் கனைப்பு உட்பட, அப்படியே ஒப்பித்தேன்: தகப்பனை இழந்த இளவரசன், உயிரை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறான். அவள் புத்தகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அவன் ஓர் இடத்தில்கூட ‘நான்’ என்று சொல்லவில்லையே, தாத்தா” என்றாள்.

சரிபார்த்தேன், உண்மைதான். காதலி ஒஃபீலியாவைக் காணும்வரை, 30-க்கு மேற்பட்ட வரிகளில் ‘நாம்’ உண்டு, ‘யார்தான் பொறுப்பார்’ உண்டு, ‘நான்’ இல்லை. முதல் அங்கத்தில் இந்த உடல் உருகிப் போகாதா என்று புலம்பும்போது, தன் தாய், தன் தகப்பன், தன் சிற்றப்பன் என்று முழுக்கத் தன் வீட்டுக் கதையைத்தான் பேசுகிறான். தற்கொலையைக் கடவுள் தடுத்திருக்கிறாரே என்றும் நொந்துகொள்கிறான். மூன்றாம் அங்கத்திலோ வீடும் இல்லை, கடவுளின் தடையும் இல்லை. அவன் அடுக்கும் துன்பங்களைப் பார்: ஒடுக்குகிறவனின் அநீதி, அதிகாரியின் திமிர், நீதியின் இழுபறி. டென்மார்க் இளவரசன் எந்த அலுவலக வாசலில் கால்கடுக்க நின்றான்? பட்டா மாற்றத்துக்கு நீ அலைந்த பதினோரு ஆண்டு அந்தப் பட்டியலில் அழகாகப் பொருந்துகிறது.

‘வாழ்வதா, சாவதா’ என்று நாம் மனப்பாடம் செய்த மொழிபெயர்ப்பின்மேல் இப்போது எனக்குக் கோபம். மூலத்தில் இருத்தல் என்னும் வினை மட்டுமே இருக்கிறது; வாழ்வு, சாவு என்ற சொற்களும் அவ்வரியில் இல்லை, இருக்கிறவன் யார் என்பதும் இல்லை. ‘இருப்பதா, இல்லாதிருப்பதா’ என்றால் அந்த வினை அப்படியே நிற்கும், தமிழிலும் விகுதியில் ஆள் வந்து உட்காருவதில்லை. 1603-இல் வந்த முதற்பதிப்பில் அவ்வரி ‘அதுதான் விஷயம்’ என்று மொட்டையாக முடிகிறது; அடுத்த பதிப்பில்தான் அது ‘கேள்வி’ ஆகிறது.

சாவு தூக்கம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டவன், தூக்கத்தில் கனவு வந்தால் என்ன செய்வது என்று அங்கேயே நின்றுவிடுகிறான். உறங்குவது போலும் சாக்காடு என்ற வள்ளுவர் அதே குறளில் விழிக்கவும் வைத்துவிடுகிறார். இவனுக்கு அந்த விழிப்பு இல்லை. போனவர் திரும்பாத நாடு என்கிறானே, அப்பாவின் ஆவியோடு பேசியவன் இவனல்லவா என்று கேட்டதற்காக நீ வகுப்புக்கு வெளியே நின்றாய். கேள்வி சரியானது, விடையும் நாடகத்திலேயே இருக்கிறது. தான் அடைபட்டிருக்கும் சிறையின் இரகசியங்களைச் சொல்ல அனுமதியில்லை என்று ஆவியே கையை விரித்துவிடுகிறது. ஆகவே தகப்பன் வந்து போன பிறகும் அந்தக் கரை இவனுக்கு இருட்டுத்தான்.

தங்கச்சி போனபின் நீ எழுதிய கடிதத்தின் கடைசி வரி, ‘இனி இருந்து என்ன’. அதிலும் ‘நான்’ இல்லை. நம் வயதில் எல்லாரும் சொல்வது என்று கொள்வதா, நீ சொன்னது என்று கொள்வதா என்று தெரியாமல்தான் ஆறு மாதம் பேனாவை மூடி வைத்திருந்தேன். அது தவறு. இளவரசனிடம் ‘நான்’ இல்லாததைக் கண்டு வியக்கிற எனக்கு, உன் வரியில் அது இல்லாதது அச்சமாக இருக்கிறது. நேரில் கேட்கப் போகிறேன், மழுப்பாமல் சொல்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கறுப்புக்குடையின் பென்சில் குறிப்புகள் உள்ள பிரதியை நீ சுடவில்லை என்று ஐம்பது ஆண்டாகச் சாதிக்கிறாய், அதையும் எடுத்து வை. வேண்டாமென்று பதில் எழுத உனக்கு நேரமில்லாதபடி, இதைப் புதன்கிழமைதான் தபாலில் சேர்க்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்