லைட் மாட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுவது. போன் போட்டால் "வண்டியில இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். சாப்பிட நிறுத்தும் இடத்தில் நிதானமாகப் படி.

லாரிக்கு முன்னால் ஆறு ஃபோகஸ் லைட் போட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற டைனமோ தாங்குமா என்று மருமகள் போனிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தாய். கணக்குப் போட்டாலே தெரியும். 70 வாட்ஸ் பல்ப் 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். ஆறுக்கு 18. ஹெட்லைட் இரண்டுக்கும் 6. டெயில் லைட், வைப்பர், ஹாரன், கேபினில் நீ மாட்டியிருப்பதெல்லாம் தனி. நம் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் டைனமோ. அந்த 35-ம் வண்டி நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதுதான். டோல்கேட் வரிசையிலோ தொப்பூர் இறக்கத்தில் மாட்டிக்கொண்டாலோ ஐடிலில் பாதி வந்தாலே பெரிது. மீதியைப் பேட்டரி கொடுக்கும், விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது.

60, 80 ஆம்பியரில் டைனமோ கிடைக்கிறது, போடலாம். ஆனால் பழைய ஒயரை அப்படியே விட்டால் அது சூடாகிக் கருகும். டைனமோவிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். டைனமோவைச் சுற்றுகிற ஒற்றை பெல்ட் அந்தச் சுமைக்கு வழுக்கும். அதைவிட எல்.இ.டி. நல்லது, 20 வாட்ஸ் லைட் ஒன்றுக்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது. இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்துதான் நமக்கு 24 வோல்ட். மலிவாகக் கிடைக்கிறது என்று 12 வோல்ட் லைட்டை வாங்கி ஒரே பேட்டரியில் மட்டும் கனெக்‌ஷன் கொடுக்காதே. அந்தப் பேட்டரி இறங்கியே கிடக்கும், மற்றது ஓவர் சார்ஜில் தண்ணீர் வற்றிச் சாகும். கடைசியில் இரண்டும் போய்விடும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போதே பட்டறையில் உட்கார்ந்து டயோடு மாற்றினவன் நீ. இப்போதும் பழைய கஸ்டமர்கள் வந்தால் "உங்க பையன் போட்ட ஒயரிங் இன்னும் அப்படியே இருக்குங்க" என்கிறார்கள். அவ்வளவு தெரிந்தவன் இதை ஏன் என்னிடம் கேட்கிறாய் என்றுதான் யோசிக்கிறேன்.

முதலில் இருக்கிற ஹெட்லைட்டைப் பார். பழைய வண்டியில் சுவிட்ச், மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் எல்லாமாக வோல்டேஜைத் தின்றுவிடும். பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். லைட் கரண்ட் சுவிட்ச் வழியாக ஓடாமல் 24 வோல்ட் ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேரே கொடு, எர்த்தைத் தேய்த்துப் போடு. அப்புறம் எல்லா லைட்டையும் போட்டு, ஓடுகிற ரேஸில் பேட்டரி முனையில் மீட்டர் வை. 27-க்குக் குறையக் கூடாது. 25-க்கு வந்தால் பேட்டரியைத் தின்கிறது என்று அர்த்தம். பெல்ட்டையும் பார். மறக்காமல் பெல்ட்டைப் பார்.

இடது பக்கக் கண்ணாடி உடைந்ததை மருமகள்தான் சொன்னாள். நீ சொல்லவில்லை. சரி, கண்ணாடி உடையாத லாரி கிடையாது.

ஒன்று கேட்கிறேன், லைட் கணக்குக்காகத்தான். எதிரே ஒருவன் டிம் பண்ணாமல் வந்து கடந்துபோன பிறகு ரோட்டு ஓரக் கோடு உனக்கு உடனே தெரிகிறதா, கொஞ்ச நேரம் ஆகிறதா? ஹெட்லைட்டைச் சரி பண்ணியும் அப்படியே இருந்தால் ஆறு என்ன, பத்து லைட் போட்டாலும் பிரயோஜனமில்லை. எதிரே வருகிறவனுக்குத்தான் கண் கூசும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டும்போது கழற்றச் சொல்வார்கள். உங்க அப்பாரும், அதாவது என் அப்பாவும், லைட் பத்தவில்லை, லைட் பத்தவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியாதது இல்லை.

மாத்திரை விடாமல் போடுகிறாயா? ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்று சொன்னால் தவணையை நீங்கள் கட்டுகிறீர்களா என்பாய். நான் கட்டுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாய் என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது எழுதிவிட்டேன். தனியாளாக நின்று வண்டி வாங்கியவன் நீ, எனக்கு அதில் பெருமைதான். ஒரு இரண்டு தவணை அப்பா கட்டினால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

இங்கே எல்லாரும் சுகம். அக்கா வீட்டில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பெருந்துறைக்குக் கொண்டு வா, பகலில் ஓட்டி வா. ரிலே, ஒயர், பெல்ட் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன், மதியத்துக்குள் முடித்துவிடலாம். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் என் கண்ணைக் காட்டப் போகிறேன். பஸ்ஸில் போகலாம், நீயும் கூட வா. டாக்டரைப் பார்க்க உனக்கும் சேர்த்தே சீட்டு போட்டுவிடுகிறேன்.

அப்பா