தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்ப்பது, மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை வெட்டிப் போடுவது, அதை இறுகப் பிடிக்கும் ரெசின் எனும் பிசினைக் கலப்பது என எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் தேய்க்கும்போது பறக்கிற தூசியைப் பற்றி ‘முகமூடி அணிந்துகொள்ளவும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது. இந்த வேலையைச் செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகமூடி கடைசிக் காவல்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எவ்வளவு தூசி என்பதை முதலில் பாருங்கள். ஓட்டை உள்ளங்கை அகலம்தான் இருக்கும். புதிய அடுக்குகள் பழையதோடு பிடித்து நிற்க வேண்டுமானால், தடிமனைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரித்துத் தேய்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படகின் சுவர் 6 மில்லிமீட்டர் என்றால், நாலா புறமும் 72 மில்லிமீட்டர். உள்ளங்கை அகல ஓட்டைக்கு ஒரு சாண் அகலத்தைத் தேய்த்தாக வேண்டும். அங்கிருந்து கழிகிற கண்ணாடியும் ரெசினும் முழுவதும் பொடியாகத்தான் வெளியேறுகின்றன. நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் சுழல்கிற கிரைண்டர் எனும் தேய்ப்புக் கருவி அந்தப் பொடியைக் கீழே விழவும் விடாது, வீசியடிக்கும்.

அந்தத் தூசியில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கண்ணாடி இழையின் துண்டுகள். பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் உள்ளவை. நெல் சுணை போலத் தோலில் குத்தி நிற்பதால் வருவதுதான் அந்த நமைச்சல். அது விஷமும் அல்ல, ஒவ்வாமையும் அல்ல. கழுத்துப்பட்டை, இடுப்பு, மணிக்கட்டு, முழங்கையின் உள்மடிப்பு என்று துணி உரசுகிற இடங்களில்தான் அதிகம் படுத்தும். இந்த இழை குறுக்கே முறியுமே தவிர, ஆஸ்பெஸ்டாஸ் போல நெடுக்கே பிளந்து மேலும் மேலும் மெலியாது. அதனால் முழு இழைகள் நுரையீரலின் ஆழம் வரை போவது அரிது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இவ்வகை இழையை, புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, ‘அரிப்பு மட்டும்தானே’ என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது பொருளை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ரெசின் பொடி இழையைவிட மிக நுண்ணியது, அது உள்ளே போகும். எபாக்சி என்ற ரெசின் வகை முழுமையாக இறுகுவதற்குள் தேய்த்தால், அந்தப் பொடியே ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம். ஒருமுறை அது வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாமல் தொழிலை விட்டவர்கள் இருக்கிறார்கள். படகின் அடியில் பூசிய பாசித்தடுப்பு வண்ணத்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். மிகப் பழைய படகென்றால் 2008இல் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்த கரிம வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். அந்த வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்கிறேன். இந்தத் தூசியில் பெரும்பங்கை உண்டாக்காமலே இருக்கலாம். மேட் போட்டு ரெசின் ஏற்றிய பிறகு ஒரு பருவம் வரும். விரலால் தொட்டு இழுத்தால் நூல் வராது, நகத்தை அழுத்தினால் தடம் பதியும், விளிம்பைப் பிடித்தால் தோல் போல வளையும். அந்த நேரத்தில் கூரான கத்தியை விளிம்போடு சேர்த்து அழுத்தி ஓட்டினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழையெல்லாம் நாடா நாடாவாகக் கழன்று வந்துவிடும். தூசி என்ற பேச்சே இல்லை. முந்தினால் அடுக்கு பிரிந்து எழும், பிந்தினால் கத்தி ஏறாது. வெயிலையும் கலவையையும் பொறுத்து நேரம் மாறும் என்பதால், பக்கத்திலேயே இருந்து தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால், அதே விளிம்புக்கு கிரைண்டரை எடுக்க வேண்டியிருக்கும். பள்ளத்தை நிரப்பும் பூச்சுப் பசையும் அப்படித்தான். பாதி இறுகியபோது அரத்தால் சீவினால் துருவலாக உதிர்ந்து காலடியில் விழும். முழுக்க இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டால் கொட்டகை முழுவதும் வெண்புகை. கடைசி அடுக்கின்மேல் பீல் பிளை என்ற நைலான் துணியை விரித்து, இறுகியதும் உரித்து எடுத்தால், அடுத்த பூச்சுக்கு வேண்டிய சொரசொரப்பு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

தேய்த்தே தீர வேண்டிய இடத்தில், கருவியோடு தூசி உறிஞ்சியைப் பொருத்துங்கள். கிரைண்டருக்கு மூடியும் குழாயும் தனியாகக் கிடைக்கின்றன. உப்புத்தாள் பொருத்தித் தேய்க்கும் சாண்டர் என்றால் தாளில் உள்ள துளைகள் அடித்தட்டின் துளைகளோடு நேராகப் பொருந்த வேண்டும். அவசரத்தில் கோணலாக ஒட்டிவிட்டு, ‘இது இழுக்கவே இல்லை’ என்று குழாயைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வாங்கிய சாதாரணத் தூசி உறிஞ்சி போதாது. ஹெப்பா போன்ற நுண்வடிகட்டி இல்லாவிட்டால் முன்னால் இழுப்பதைப் பின்னால் காற்றில் கக்கும். சந்தேகம் இருந்தால், வேலை முடிந்து எல்லாம் அடங்கிவிட்டது போலத் தோன்றும்போது விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பாருங்கள். அந்த ஒளிக்கற்றைக்குள் மினுமினுத்துக்கொண்டு மிதப்பவை யாவும் நீங்கள் அதுவரை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தவைதான்.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் நல்ல வழியே. ஜெல்கோட் எனும் பளபளப்பான மேற்பூச்சை மெருகேற்றும்போது தண்ணீர்த்தாள்தான் சரி. ஆனால் சரிவு எடுக்கும் கட்டத்தில் அது உதவாது. வெட்டுப்பட்ட இழை வழியே ஈரம் உள்ளே இறங்கிவிட்டால், முழுக்க உலரும்வரை புதிய ரெசின் பிடிக்காது. மின்சாரக் கருவியோடு தண்ணீரைச் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து. ஈரத்தோடு தேய்ப்பதென்றால் கையால் தேய்க்க வேண்டும், அல்லது காற்றழுத்தக் கருவி வேண்டும். அந்தக் கூழைக் காயவிடாமல் துடைத்தெடுக்கவும் வேண்டும்.

எனக்கு மனம் கொதிப்பது வேறொன்றை நினைத்து. நான் வேலைபார்த்த ஒரு கொட்டகையில் கிரைண்டர் பிடிப்பவருக்கு நல்ல முகமூடி கொடுப்பார்கள். அவர் முடித்துக் கழற்றிவைத்த பிறகு, உதவியாள் வெறும் முகத்தோடு வந்து விளக்குமாற்றால் பெருக்குவார். அடங்கியிருந்த பொடி அத்தனையும் மறுபடி எழும், அத்தனையும் அவர் மூக்குக்குள். பிறகு கம்பிரசர் குழாயைத் திருப்பி ஒருவர்மீது ஒருவர் காற்றடித்துத் தூசி தட்டிக்கொள்வார்கள். அது இழையைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் குத்தி இறக்குகிற வேலை. கொட்டகை நடத்துபவர்களை வேண்டிக் கேட்கிறேன்: பெருக்குகிறவருக்கும் முகமூடி கொடுங்கள். விளக்குமாற்றை விலக்கிவிட்டு ஈரத்துணியையும் தூசி உறிஞ்சியையும் கொடுங்கள். தேய்க்கும் இடத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, காற்றை ஆட்கள் இல்லாத பக்கம் வெளியே தள்ளும்படி ஒரு விசிறியை வையுங்கள். உள்நோக்கி வீசும் விசிறி தூசியை எல்லோருக்கும் பங்கிட்டுத்தான் கொடுக்கும்.

முகமூடி என்று எழுதும்போது எந்த முகமூடி என்பதையும் எழுத வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தப் பொடியைத் தடுக்காது. என்-95 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். தாடி இருந்தால் ஓரம் படியாது, ஓரம் படியாவிட்டால் அணிந்தும் பயனில்லை. ரெசின் நெடியை என்-95 தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி தனி. கண்ணுக்கு நான்கு பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். முழுக்கை உடை தளர்வாக இருக்கட்டும், ஏனென்றால் இறுக்கமான துணி இழையைத் தோலில் அழுத்தித் தேய்க்கும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தேய்க்காமல், சொறியாமல், முதலில் தண்ணீரை நிறைய ஓடவிடுங்கள், பிறகு சோப்பு. ஒட்டிக்கொண்டு போகாத இழையை டேப்பை ஒற்றி எடுக்கலாம். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தையின் சட்டையில் ஏறிய இழையை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், குழந்தை ஏன் அழுகிறது என்றும் தெரியாது.

ஜெல்கோட் பூசுவதைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்பாகத் தேய்ப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கத்தியால் சீவும் பருவத்தைப் படத்தோடு போட்டால் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் வெட்டிவைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுதுபார்க்கும் தொழிலாளி