எண்ணெய் கொண்டுவராதவர்களுக்கும், கொண்டுவந்த ஒருவருக்கும்

கடைக்கு வருகிறவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், தென்காசி டவுன் பஸ்ஸில் எனக்கு இடம்விட்ட முகம் தெரியாதவர்களுக்கும் வணக்கம்.

போன ஆடியில் நான் சக்கர நாற்காலிக்கு மாறினேன். மாறினேன் என்றால் முழுக்க இல்லை. வீட்டுக்குள் காலிப்பர் என்கிற கால் தாங்கியைப் போட்டுக் கட்டை ஊன்றித்தான் நடக்கிறேன். கடைக்கும் கடைத்தெருவுக்கும் நாற்காலி. ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் முழுக்க, என்னைத் தூக்கி நிறுத்தப் பார்க்காமல் உதவி செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் நன்றி சொன்னால் "அட, விடுங்கக்கா" என்று போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடைச் சுவரிலும் ஒரு பிரதி ஒட்டுவேன், ஜெராக்ஸ் செலவு என்னுடையதுதானே.

இந்தக் கடை 1996இல் எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்தது. அப்போது ஊனமுற்றோருக்கு முன்னுரிமை தந்து பூத் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல் எங்களுக்கு வந்தது அப்புறம். செல்போன் வந்து பூத் படுத்ததும் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டேன். மூன்று சுவர், ஒரு கவுண்டர், அதற்குப் பின்னால் நான். எழுந்து ஓட முடியாது. அறிவுரை சொல்ல இதைவிட வசதியான ஆள் எங்கே கிடைப்பாள்? ஆதாரை முன்னும் பின்னும் எடுத்துக் கொடுக்க அரை நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு வைத்தியம், ஒரு கோயில், "எங்க சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான்" என்று ஒரு கதை.

எனக்கு இது பழகிய சங்கதி. 1974இல், ஒன்றரை வயதில், போலியோக் காய்ச்சல் வந்து இடது கால் போனது. நடக்கிற வயதில் சிற்றாற்று மணலில் இடுப்பளவு குழி தோண்டி என்னை நிற்க வைப்பார்களாம். மணல் தொடையை நெருக்கியதும், எதிரே அண்ணன் கொய்யாப்பழத்தைக் காட்டிச் சிரித்ததும் எனக்கே மங்கலாக ஞாபகம் இருக்கிறது. புறா ரத்தம் தடவியிருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தே ஒரு மந்தையைத் தீர்த்திருப்பேன். ஐந்தருவியில் ஒரு மண்டலம் குளிக்கச் சொன்னார்கள். வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் போட்டோம். அருவிக் குளியலை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அது யாருக்கும் நல்லதுதான்.

இப்போது வருகிற அறிவுரை வேறு மாதிரி. எல்லாம் ஒரே வரிதான்: "நடக்கிறத மட்டும் விட்றாதம்மா, அப்புறம் உக்காந்த இடம்தான்." நாற்காலியைப் பார்த்த முதல் வாரத்தில் இருபது பேராவது சொல்லியிருப்பார்கள். எனக்கே சந்தேகம் வந்தது, சோம்பேறி ஆகிவிட்டேனோ என்று.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்த பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு முதல் நன்றி. அவரிடம் போவதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருந்தேன். இரண்டு இடத்திலும் நடைப்பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நம் நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், ஹவுராப் பக்கம் ஒரு குழந்தைக்கு. 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்றே கொடுத்துவிட்டார்கள். இளம் டாக்டர்களுக்கு நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்த ஆட்கள்.

இந்தத் தம்பி என்னை நடக்கச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்கிறேன் என்று கேட்டுக்கேட்டு எழுதினார். அப்புறம் ஒரு தாளில் முதுகுத்தண்டை வரைந்து காட்டினார். தசைக்குப் போகிற நரம்புச் செல்களைத்தான் போலியோ கிருமி கொல்கிறது. பிழைத்த செல்கள் புதிதாகக் கிளைவிட்டு, அநாதையாக நின்ற தசைநார்களையும் தாங்கிக்கொள்கின்றன. கொஞ்சம் பலம் திரும்புவது அப்படித்தான். முப்பது நாற்பது வருஷம் இப்படி இரட்டை வேலை பார்த்த செல்கள் பிறகு ஓய்ந்துபோகத் தொடங்குகின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர். என் இடது காலைவிட, இத்தனை நாள் 'நல்ல கால்' என்று நம்பியிருந்த வலது கால் தளர்ந்ததற்கும் காரணம் அதுதானாம். "அசதி வர்ற வரைக்கும் நடந்தா பலம் கூடாதுக்கா, இருக்கிறதும் தேயும். நடங்க, ஆனா எண்ணி நடங்க" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஓய்வெடுக்க அனுமதி தந்த முதல் ஆள் அவர்.

அதே அறையில் வைத்து என் அம்மாவிடம் பேசிய பெரிய டாக்டருக்கு நான் என்ன சொல்வது? எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஊசி போட்டிருக்கிறாள். மறுநாள் கால் துவண்டுவிட்டது. "அன்னைக்கு அந்த ஊசியப் போடாம இருந்திருந்தா" என்பது எங்கள் குடும்பத்தில் கல்யாணம், கருமாதி எதிலும் தவறாமல் பரிமாறப்படுகிற பேச்சு. அம்மா அப்போதெல்லாம் முந்தானை நுனியைச் சுருட்டுவாள், விரிப்பாள். பதில் சொல்ல மாட்டாள். டாக்டர் மழுப்பவில்லை. போலியோக் காய்ச்சல் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் வாதம் கூட வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். "ஆனா கிருமி ஏற்கெனவே உள்ள இருந்துச்சும்மா. சொட்டு மருந்து அரசாங்கத் திட்டத்துல சேர்ந்ததே 79லதான். நீங்க 74ல என்ன செய்திருக்க முடியும்?" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா இரண்டு தரம் கேட்டாள்: "79ன்னா சொன்னாரு?"

காலிப்பர் செய்கிற அண்ணனுக்கு அடுத்து. தொடைக்கட்டுத் தோல், இரண்டு பக்கக் கம்பி, முட்டியில் பூட்டு, கீழே பூட்ஸ். நிற்கும்போது பூட்டு 'டக்'கென்று விழ வேண்டும், விழவில்லை என்றால் நான் விழுவேன். அவர் பேசுவது குறைவு. "எங்க கடிக்குது?" என்று மட்டும் கேட்பார். காட்டுகிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு தோலைச் செதுக்குவார். என் காலைப் பற்றி என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் இவ்வளவு குறைவு என்பது அவரிடம் போன பிறகுதான் உறைத்தது.

டீக்கடை அண்ணாச்சிக்கும் கொத்தனாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கடை வாசல் படி அரை அடி. கொத்தனார் இரண்டடியில் சரிவு போட்டுவிட்டு "ஏறிடும்க்கா" என்றார். ஏறியது, பின்னால் இரண்டு பேர் தள்ளினால். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு, அப்படியானால் எனக்கு ஆறடி வேண்டும், ஆறடிக்குள் அண்ணாச்சியின் பெஞ்சு வருகிறது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பெஞ்சைக் காலால் தள்ளிவிட்டு "எந்த வரைக்கும்னு கோடு போட்டுக் காட்டு தாயி" என்றார். கொத்தனார் முகம் சுளிக்காமல் மறுபடி உடைத்துப் போட்டார்.

மதினிக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாராவது வைத்தியம் ஆரம்பித்தால் மதினி உள்ளேயிருந்து "அந்த ஸ்டேப்ளர் பின் எங்க வச்சீங்க?" என்று குரல் கொடுப்பாள். பின் டப்பா அவள் கையில்தான் இருக்கும். இப்படியே நூறு தரம் காப்பாற்றியிருக்கிறாள்.

பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் 1975இல் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான். அவர் ஒரு அடி நடக்காமல் எத்தனை பேரை நிமிர வைத்தார் என்று இந்த வட்டாரத்துக்கே தெரியும். அவரைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு, அதே வாயால் என்னிடம் "நாற்காலி வேண்டாம்மா" என்கிறார்கள். என்ன கணக்கோ.

சரி, நானும் யோக்கியமில்லை. பங்குனியில் பக்கவாதம் வந்து தேறிய ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, சான்றிதழ் நகலெடுக்க வந்தான். இடது கையால் பேப்பரைப் பிடிக்கக் கஷ்டப்பட்டான். நான் கடகடவென்று ஆரம்பித்துவிட்டேன்: பந்தை வைத்து அமுக்கு, அந்த டாக்டரைப் பார், மனசைத் தளரவிடாதே. அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும், ஐம்பது வருஷமாக நான் ஆட்டுவது. வாயை மூடிக்கொண்டு, "ஓரத்தைப் பிடிச்சுக்கவா?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்றான். தம்பி, அன்றைக்குப் பாதியில் எழுந்து போகாமல் இருந்ததற்கு உனக்கும் நன்றி.

கடைசியாக எண்ணெய் அண்ணாச்சி. வருஷா வருஷம் ஐப்பசியில் பென்ஷன் தாள்களை நகலெடுக்க வருவார். கூடவே ஒரு பாட்டில் மூலிகை எண்ணெய், அவர் வீட்டிலேயே காய்ச்சியது. "காலுக்குத் தேயி, ஆறு மாசத்துல ஓடுவ" என்பார். பதினைந்து வருஷமாகச் சொல்கிறார். முதலில் எரிச்சலாக வந்தது. போலியோக் கால் வெயில் காலத்திலும் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடக்கும், மார்கழியில் நீலம் பாரித்துவிடும். ஒரு ராத்திரி சும்மா தேய்த்துப் பார்த்தேன். ஓட்டமெல்லாம் வரவில்லை. தேய்த்த சூட்டில் நன்றாகத் தூங்கினேன். இந்த வருஷம் நாற்காலியைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைக் கவுண்டரில் வைத்துவிட்டு, சரிவின் கைப்பிடியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். "ஸ்திரமாத்தான் இருக்கு" என்று இறங்கிப் போனார்.

அண்ணாச்சி, மீதியை அம்மா முட்டிக்குத் தேய்க்கிறாள். அடுத்த தடவை ஒரு லிட்டராகவே கொண்டு வாருங்கள்.