வாசித்துக் காட்டிய குமாஸ்தா அண்ணனுக்கு

திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம் உறவுகளுக்கும், ஆனையூர், உச்சப்பட்டி முகாம்களில் இருந்து நாள் தவறாமல் விசாரித்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மண்ணில் பிறந்தவள் என்று நீதிமன்றத்தில் வழக்காடிக் கேட்ட என் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தபால்காரர் நேற்று முகாம் வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. எல்லோரும் வழக்கறிஞர் அக்காவைப் பாராட்டுகிறீர்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவருடைய குமாஸ்தா அண்ணனைப் பற்றி ஒருவர்கூடப் பேசக் காணோம். பெயரைப் போட்டுவிடாதே என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அம்மா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய நாள் அது. ஒத்தக்கடையில், உயர் நீதிமன்றக் கிளைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் நோட்டரி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஐந்து பக்கங்கள். இப்படிப்பட்ட காகிதங்களின் கடைசிப் பக்கத்தில், ‘தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்கள். அந்த முத்திரையை எத்தனையோ பேருடைய காகிதங்களில் பார்த்திருக்கிறேன். யாரும் வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

அம்மாவோ கையெழுத்து என்றாலே பேனாவுக்குக் கையை நீட்டிவிடுவார். அரசு கொடுக்கும் பணக்கொடை, அரிசி, முகாமில் ஆள் கணக்கெடுப்பு என்று வருடக்கணக்காகக் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுப் பழகிய கை. அன்றும் நீட்டினார். குமாஸ்தா அண்ணன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பொறுங்கள் அம்மா. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடக் கூடாது.”

பிளாஸ்டிக் ஸ்டூலை அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்து, ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. “இது சரிதானே அம்மா?” என்று கேட்டு, அம்மா தலையாட்டிய பிறகுதான் அடுத்த பத்திக்குப் போனார். நோட்டரி இரண்டு முறை கனைத்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மண்டபம் முகாமின் கொட்டகையில் நான் பிறந்ததாகவும், பிறப்பு பதியப்படவில்லை என்றும் ஒரு பத்தி. குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் வைத்து எழுதியது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

“கொட்டகையில் இல்லை, தம்பி” என்றார் அம்மா அண்ணனிடம். “ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில். பிள்ளை குறுக்கே கிடந்தது. வருவாய் ஆய்வாளர் ஐயாவின் ஜீப்பில்தான் கொண்டுபோனார்கள்.”

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. “இத்தனை நாளும் ஏனம்மா இதைச் சொல்லவில்லை?”

“யார் கேட்டது?”

அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நோட்டரியிடம் இன்றைக்கு வேண்டாம் என்றார். அக்காவைத் தொலைபேசியில் பிடித்து, “ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் ஏட்டில் இருக்கும் மேடம், தேடச் சொல்வோம்” என்றார். இருந்தது. 1986, கார்த்திகை மாதம்; அம்மாவின் பெயர், ஊர், பெண் குழந்தை என்று பழுப்பேறிய பக்கத்தில் நீல மையில் ஒரே வரி.

அந்த வரி இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்கிறது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் இதே மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் அளித்தார். நாங்கள் நம்பி நின்றது அந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் தீர்ப்பு கையில் இருந்தால் மட்டும் போதாது. பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டியாக வேண்டும். அதைக் காட்ட வழி செய்தது ஒரு மனிதர் ஒதுக்கிய அரை மணி நேரம். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. தேநீர்கூட அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. ராமநாதபுரத்தில் ஏட்டைத் தேடி அலைந்த தொண்டு நிறுவனப் பிள்ளைகள், பஸ் செலவுக்குச் சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்த மகளிர் குழு, தம்பிக்குக் கூலியைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுத்த பெயின்ட் மேஸ்திரி, கணக்கெடுப்பு நாளில் எங்களுக்காகப் பதில் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா, கடன் சொல்லியும் முகம் சுளிக்காத ஜெராக்ஸ் கடைக்காரர், சட்ட உதவி மையத்தில் படிவம் நிரப்பித் தந்த தங்கை, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அந்தச் சட்ட உதவி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்றுகூட அந்தச் சட்டம் பெண்களிடம் கேட்பதில்லை. முகாமில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தொண்டு நிறுவனத்தார் வந்து சொல்லும்வரை எனக்கும் தெரியாது. நமக்குத் தெரியாததால்தான் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று தரகர்கள் உள்ளே வருகிறார்கள். மகளின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் நம் வரிசையிலேயே இருக்கிறார்கள். முகாமுக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. மனு எழுதித் தருகிறவர்கள்தான் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வழக்கறிஞரும் ஒரு குமாஸ்தாவும் மூன்று முகாம்களுக்கும் மாறி மாறி வந்தால் போதும். தொண்டு நிறுவனத்திடம் இதைக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள், ஒருத்தி கேட்டால் ஆசை என்பார்கள், எல்லோரும் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

ஏனென்றால் என் வேலை முடிந்தது, என் வீட்டிலேயே இன்னும் வேலை முடியவில்லை. தம்பி 1989இல் பிறந்தவன். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுக்கம். சில பக்கத்து நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கு வழி திறந்த 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது பயத்தைக் குறைத்தது, உண்மைதான். குடியுரிமை கொடுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் நான் இந்தியப் பெண், அவன் முகாம்வாசி. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நேற்று வேலைவிட்டு வந்தவன் கையில் பெயின்ட் என்று பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. என்னைப் புரட்டச் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான்.

குமாஸ்தா அண்ணனுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டதற்கு, “நீதான் ஆங்கிலம் படித்திருக்கிறாயே, நாலு பேருக்கு வாசித்துக் காட்டு” என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் தொடங்கி ஞாயிறு மாலைகளில் சமுதாயக்கூடத்தில் இருப்பேன். எனக்குச் சட்டம் தெரியாது, வாசிக்கத் தெரியும். சந்தேகம் வருவதைக் குறித்துவைத்து வழக்கறிஞர் அக்காவிடம் கேட்டுச் சொல்வேன். காகிதத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கொண்டுவாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள், அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. முதல் ஞாயிறு தம்பியின் கோப்பை எடுக்கிறோம்.