ரீத்தாவுக்கு

அன்புள்ள ரீத்தா,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடித்து வந்துவிட்டான். சனிக்கிழமைகளில் நீ எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மிஷனரிகள்) சிஸ்டர்கள் மடத்துக்குப் போகிறாய் என்று சித்தி சொன்னாள். நல்ல இடம்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சபை நம்ம பாட்டி ஊர்ப் பக்கம் பிறந்தது. பிரான்சிலிருந்து 1865-இல் மதுரை மிஷனுக்கு வந்த பாடுகளின் மேரி அன்னையும் கூட இருந்தவர்களுமாக இருபது சகோதரிகள், 1876-இல் பழைய சபையை விட்டு ஊட்டிக்குப் போனார்கள். 1877 ஜனவரி 6-ஆம் தேதி பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி கொடுத்தார். அதே ஆண்டே பிரான்சில் சான் பிரியூவில் நொவிஷியேட், அதாவது புதிதாகச் சேர்கிறவர்களுக்கான பயிற்சி மடம், திறந்துவிட்டார்கள். அதைச் செய்யாமல் மலையிலேயே இருந்திருந்தால் அந்த இருபது பேரோடு கதை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1883-இல் அன்னையைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். விசாரணைக்குப் பிறகு மறு ஆண்டே சகோதரிகள் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1904-இல் அவர் இறந்தபோது 86 மடங்கள், இரண்டாயிரத்துக்கு மேல் சகோதரிகள். இன்றைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறார்கள்.

1900 ஜூலை 9 அன்று சீனாவில் தையுவானில் அந்தச் சபையின் ஏழு சகோதரிகளைக் கொன்றார்கள். அதோடு பயந்து மடத்தை மூடவில்லை. நாலே வருஷத்தில் இத்தாலியிலிருந்து அசுந்தா பல்லோட்டா என்ற சகோதரி, தையுவான் இருக்கிற அதே ஷான்ஸி மாகாணத்துக்குப் போனார். அடுத்த ஏப்ரலில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயசு 26. உன் வயசு.

இப்போது காலம் அப்படியில்லை, எனக்குத் தெரியும். ஆனால் எங்கே அனுப்பினாலும் போகிற சபை அது. அதனால்தான் இத்தனை நாட்டில் நிலைத்திருக்கிறது, அதனால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நீ எது செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. அதை யாரிடமும் சொல்லுவேன். ஆனால் கல்லூரிச் சுற்றுலாவுக்கே இரண்டு மாசம் முன்னால் சொன்னவள், இதைச் சித்தி சொல்லியா நான் கேட்க வேண்டும்?

யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். கட்ட முடியாத கடன் இருப்பவரை நொவிஷியேட்டில் சேர்க்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். படிப்புக் கடன் பாக்கி எவ்வளவு என்று பார்த்து வை. ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சான்றிதழ்கள் கேட்பார்கள். உன் பதிவு ஓபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் இருக்கிறது, நான் போய் வாங்கித் தருவேன். நொவிஷியேட் பயிற்சி குறைந்தது பன்னிரண்டு மாசம். அந்த மடத்தை விட்டு மூன்று மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாது. பதினைந்து நாளுக்கு மேல் போனாலே அதை ஈடுகட்ட வேண்டும். தாத்தா நினைவுப் பூசைக்கு வருகிறேன், அப்படியே ஒரு மாசம் தங்குகிறேன் என்பதெல்லாம் நடக்காது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற வாக்குறுதிக்கு) முன்னால் சொத்து நிர்வாகத்தை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் உயில் எழுத வேண்டும். உயிலில் எழுதினாலும் சிபிஎஃப் பணம், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பு, அதில் சேராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று நாமினேஷன் தனியாகச் செய்ய வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று. நொவிஷியேட்டில் இருப்பவர் எந்த நாளும் வெளியே வரலாம். முதல் வார்த்தைப்பாடு எடுத்த பிறகும், அதன் காலம் முடிகிற அன்று, வேண்டாம் என்று நினைத்தால் வரலாம். யாரும் தடுக்க முடியாது. வரலாம், ரீத்தா. இந்த வீட்டிலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டோம்.

கடன் பாக்கியைப் பார்த்து வை. சிபிஎஃப் நாமினேஷனை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருப்போம். அப்பாவும் இருப்பார். அப்போது போன் பண்ணு. சித்தியிடம் சொன்னதை எங்களிடமும் சொல்.

அன்புடன்,
அம்மா