எல்லாருக்கும் நான்கு லிட்டரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்துவிட்டால் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளிலும் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது: தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்போதுதான் சிறுநீரகம் சுத்தமாகும் என்று. தங்கள் நாளிதழிலும் சென்ற வாரம் இக்கருத்து பெட்டிச் செய்தியாக வெளிவந்திருந்தது. மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை சிலருக்கு ஆபத்தாகவும், தண்ணீர் உண்மையிலேயே தேவைப்படுவோருக்கு எந்தப் பயனும் அற்றதாகவும் முடிகிறது.

நம் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. உடலில் இருக்கும் ரத்தமே ஐந்து லிட்டர்தான். அதில் திரவப் பகுதி சுமார் மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டரே ஒரு நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது. வடித்ததில் ஒன்றரை லிட்டர் அளவு மட்டும் சிறுநீராக வெளியேற, மீதி அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துகொண்டிருக்கும் உறுப்பை நாம் கூடுதலாகக் குடிக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர்தான் கழுவிவிடப் போகிறது என்று நம்புவதற்கு உடலியலில் ஆதாரம் இல்லை. சிறுநீரகத்தில் ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு மருத்துவர் கூடுதல் நீரைப் பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக. அதை எல்லாருக்கும் பொதுவிதியாக்க முடியாது.

எவ்வளவு நீரை வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே விடுவது என்பதை முடிவுசெய்வது ஹார்மோன்கள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், ரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே அதை உணர்ந்துகொள்கிறது. உடனே ஒருபுறம் தாகத்தைத் தூண்டுகிறது. மறுபுறம் தான் உற்பத்தி செய்து பிட்யூட்டரி சுரப்பியில் சேமித்து வைத்திருக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தை எட்டியதும், சிறுநீர் கடைசியாகக் கடந்துசெல்லும் நுண்குழாய்களின் செல்களுக்குள் காத்திருக்கும் புரதத் துளைகள் குழாயின் உட்பக்கச் சுவருக்கு நகர்ந்து பதிந்துகொள்கின்றன. நீர் அத்துளைகளின் வழியே ரத்தத்துக்குத் திரும்ப, சிறுநீர் குறைந்து மஞ்சள் நிறம் அடர்கிறது. வேண்டிய அளவு தண்ணீர் குடித்ததும் வாசோப்ரெசின் குறைந்து, துளைகள் செல்லுக்குள் பின்வாங்கிவிட, சிறிது நேரத்தில் சிறுநீர் வெளிர்ந்துவிடுகிறது. அக்வாபோரின் எனப்படும் இத்தகைய நீர்த்துளைகளை முதலில் கண்டறிந்ததற்காகவே பீட்டர் அக்ரேவுக்கு 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நலமான சிறுநீரகம் இந்த ஏற்பாட்டினால் ஒரு நாளைக்கு அரை லிட்டரோடும் சமாளிக்கும், பத்து லிட்டரையும் வெளியேற்றும்.

உப்புக்கு வேறொரு கணக்கு உண்டு. ரத்தத்தின் அளவு குறைந்தால் சிறுநீரகமே ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் விளைவாக அட்ரீனல் சுரப்பியிலிருந்து வெளிப்படும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், உப்பின் முக்கியக் கூறான சோடியத்தைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுமாறு செய்கிறது. மாறாக, ரத்தத்தின் அளவு கூடி இதயத்தின் மேலறைகள் விரிந்தால், அந்த இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளியேற்றச் சொல்கிறது. ரத்தத்தை இறைக்கும் பம்பு என்று மட்டுமே நாங்கள் வகுப்பில் சொல்லிவந்த இதயம் ஒரு சுரப்பியும்கூட என்பது 1981இல்தான் தெரியவந்தது.

தண்ணீருக்கு அளவு வகுத்த இந்த அறிவுரையின் வேரைத் தேடினால், 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட ஒரு பரிந்துரையை அடிக்கடி சுட்டுவார்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் ஏற்றது என்று கூறிய அந்த அறிக்கை, அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்தே கூறியது. முதல் வாக்கியம் உலகம் சுற்றியது. அடுத்த வாக்கியத்தைக் கண்டுகொள்வார் இல்லை. சோறும் குழம்பும் ரசமும் மோரும் உண்ணும் நம் வீடுகளில் தட்டிலிருந்தே எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆபத்து என்று எழுதியது மிகை அன்று. எழுபது வயதைக் கடந்த என் உறவினர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர், உணவில் உப்பையும் வெகுவாகக் குறைத்துவிட்டவர், கோடைக்கால அறிவுரையைப் படித்துவிட்டுத் தாகமில்லாதபோதும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். சில நாட்களில் பேச்சு குழறியது. மகனையே யாரென்று கேட்டார். பக்கவாதம் என்று அஞ்சி மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் அவருக்கு 116ஆக இறங்கியிருந்தது. சிறுநீரை நீர்க்கச் செய்து வெளியேற்ற வேண்டுமானால், அதற்கு முன் சிறுநீரகம் அதிலுள்ள உப்பைப் பிரித்து ரத்தத்துக்குத் திருப்பியாக வேண்டும். அந்த மாத்திரை சரியாக அந்த வேலையைத்தான் தடுக்கிறது. எனவே குடித்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, இருந்த உப்பையும் நீர்த்துப்போகச் செய்துவிட்டது. இறங்கிய உப்பை ஒரே நாளில் ஏற்றவும் கூடாது, வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும் என்று சொல்லி, நாள் கணக்கில் சிறிது சிறிதாக ஏற்றினார்கள்.

இளைஞர்களுக்கும் இது நேரும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது; ஓடும்போது அளவுக்கு மீறி நீர் அருந்தியதே அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் நீரை அளந்தே கொடுத்திருப்பார். மறுபுறம், முதுமையில் தாக உணர்வே மங்கிவிடுவதால், நினைவூட்டினால்தான் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு. ஒரே எண்ணை அச்சிட்டு இத்தனை பேருக்கும் பொருத்துவது எப்படி?

வலி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளம் சுருங்கிவிடாமல் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன. நீர் பிரியும் மாத்திரையோடு, ஆல்டோஸ்டிரோனுக்கு வழிகோலும் தொடரைத் தடுக்கும் பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர், வெயிலில் அலைந்துவிட்டு வந்து மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிய ஒரு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால், சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் யாவும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. கோடைக்கால அறிவுரையில் அச்சிட வேண்டியது இதுதான். நானோ இதை எந்த நாளிதழிலும் கண்டதில்லை.

இனி, தண்ணீர் உண்மையிலேயே தேவைப்படுவோர். எங்கள் தூத்துக்குடியின் உப்பளங்களில் உப்பு வாரும் பெண்கள், வெயிலும் பாத்தியின் வெண்மையிலிருந்து எதிரொளிக்கும் வெப்பமும் ஒருசேர முகத்தில் அடிக்க, மணிக்கணக்கில் நிற்கிறார்கள். கடும் வெயிலில் கடும் உழைப்புக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறலாம். அதற்கும் உடலிடம் ஏற்பாடு உண்டு: வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் கொடுத்தால், ஆல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பிகளிலும் வேலை செய்து, வியர்வையில் போகும் உப்பைக் குறைத்துவிடுகிறது. ஆனால் இழந்த நீரை ஈடுசெய்ய எந்த ஹார்மோனாலும் முடியாது, குடித்தால்தான் உண்டு. இவர்களோ வேண்டுமென்றே குடிப்பதில்லை. கேட்டால், "குடிச்சா ஒதுங்க எங்க போறது சார்?" என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். ஒரு மரமோ மறைப்போ இல்லை. காலையில் வீட்டில் குடித்த நீராகாரத்தோடு மதியம்வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அவர்களிடையே சாதாரணப் பேச்சு. அதற்கும் மேலே உடல்வலிக்கு ஒரு மாத்திரை.

மத்திய அமெரிக்க நாடுகளான எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் நடுத்தர வயதை எட்டுமுன்பே, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமல் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. காரணம் ஒன்றா பலவா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்ந்தாலும், வெயிலில் கடும் உழைப்பும் மீண்டும் மீண்டும் நீர் வற்றுவதும் முதன்மைச் சந்தேகமாக இருக்கின்றன. அங்கே சில தோட்டங்களில் தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றையும் வேலை நேரத்தின் பகுதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம் உப்பளங்களில் இவற்றோடு நான்காவதாகக் கழிப்பறையும் வேண்டும். இல்லையேல் வைத்த தண்ணீர் பானையிலேயே இருக்கும்.

தமிழக அரசு வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டது, வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் பத்துக் கோடைகளில் சிறிது சிறிதாகக் கெடும் சிறுநீரகம் எந்த ஒரு நாளின் வெப்பச் சாவுக் கணக்கிலும் வராது. உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் கோடைக்கு முன்னும் பின்னும், சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பதிந்து வைத்தால்தான் சேதம் கண்ணில் படும். எந்தெந்த உப்பளங்களில் நிழற்கூடமும் பெண்களுக்கான கழிப்பறையும் இருக்கின்றன, எங்கெங்கே இல்லை என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் நேரில் சென்று விசாரித்து, தினமும் அச்சிடும் வெப்பநிலைப் பட்டியலின் பக்கத்திலேயே வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி